மத்தியானத்தில் ஒரு மணி நேரம்

மட்டக்களப்பு மறைமாவட்டத்தின் பங்குத் தந்தையருக்கும், எல்லாப் பங்குகளின் அருட்பணிச் சபையினருக்கும்,

அன்பான பாதர்மாரே, சபையில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காமாரே,

விடியப்புறம் இடியப்பத்தை அவிய வைத்துவிட்டு, அடுப்படியில் இருந்தபடி இதை எழுதுகிறேன். ஒரே நாளில் எழுதியதில்லை. தட்டு இறங்குமுன் நாலு வரி, உரல் பிழிந்த கை ஓயும்போது இரண்டு வரி என்று ஒன்பது நாள் எடுத்தது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கிழமை நாட்களில் மத்தியானம் 12.30 தொடக்கம் 1.30 வரை எங்கள் கோயில்களின் கதவைத் திறந்து வையுங்கள். பூசை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம், மைக் வேண்டாம். ஆண்டவர் அப்ப வடிவில் இருக்கிற நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரிகிற சிவப்பு விளக்குப் போதும். நாங்கள் வந்து இருந்துவிட்டுப் போகிறோம்.

எனக்கு 43 வயது. வீட்டுக்காரர் ஆறு வருடமாகக் கட்டாரில். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள், மகன் ஆறாம் ஆண்டு. அம்மா பாரிசவாதம் வந்து நாலு வருடமாகப் படுக்கையில். காலை 3.30 க்கு எழும்பினால்தான் 5.45 க்கு இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் போய்ச் சேரும். பிறகு அம்மாவைத் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு டவுனில் ஒரு தையல் கடைக்குப் போவேன். ஜனவரியில் பாடசாலைச் சீருடை குவிந்து கிடக்கும். மற்ற நாட்களில் சட்டை, பாவாடை, திரைச்சீலை. பின்னேரம் வந்தால் மறுபடி அம்மா, சமையல், மகனின் பாடம், உடுப்புத் தோய்ப்பு. வியாழக்கிழமை குழுக் கடன் கட்டுகிற நாள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்காரர் எடுப்பார். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் கொஞ்சம் பலம் மிச்சம் வைத்திருக்க வேண்டும்.

இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. என் வீடும் பிள்ளைகளும் கடவுள் எனக்குத் தந்தவர்கள். அம்மாவைத் துடைக்கிற துணியை நான் வெறுத்ததில்லை. எங்கள் தெருவில் என்னைவிடப் பாரம் சுமக்கிற பெண்கள் நிறையப் பேர். ஆனால் இத்தனைக்கும் நடுவில் ஒரு பசி இருக்கிறது. அது சோற்றுப் பசியும் இல்லை, நித்திரைப் பசியும் இல்லை. அதற்குப் பெயர் தேடித்தான் ஒன்பது நாள் போனது.

போன வருடம் ஆடி மாதம், கச்சான் காற்று புழுதியை வாரி அடித்த ஒரு நாள். அன்று விடிய அம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். கட்டாரிலிருந்து இரண்டு மாதமாகக் காசு வரவில்லை. கடன் கட்ட 1,500 ரூபாய் குறைந்தது. வெளிக்கிடும்போது மகள் ஏதோ சொல்ல, நான் அவளுக்குச் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்சலை அவிழ்க்க மனம் வரவில்லை. அழ இடம் வேண்டும். வீட்டில் அழுதால் அம்மா பார்ப்பார். கடையில் அழுதால் ஆறு பேர் காரணம் கேட்பார்கள். ஐந்து நிமிடம் நடந்தால் கோயில். போனேன்.

கேற் திறந்திருந்தது, கதவு பூட்டு. பக்கத்து யன்னலில் ஒரு பலகை கொஞ்சம் விலகி இருந்தது. கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்தேன். உள்ளே இருட்டுக்குள் அந்த விளக்கு, ஒரு மஞ்சாடிக் கொட்டை அளவு சிவப்பு. வெயிலில் கம்பி சுட்டது. ஒரு மணி வரை அப்படியே நின்றேன். கோயில் திறப்பு வைத்திருக்கிற ஐயா சைக்கிளில் வந்தவர், "பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாங்க. இப்ப திறக்கச் சொல்லி எனக்கு ஓர்டர் இல்லை" என்றார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டுத்தான் போனார். எந்தக் கோயில் என்று இங்கே எழுதவில்லை. எங்கள் பங்கு மட்டும் இப்படி இருந்தால் நான் திறந்த மடல் எழுத வேண்டியதில்லையே.

ஏன் இப்படி ஒரு கதவுக்கு முன்னால் நின்றேன் என்று பிறகு யோசித்தேன். யோசித்தால் 2004 டிசம்பர் 26 இல் போய் நிற்கிறது.

அப்போது எனக்கு 22 வயது. கல்லடிப் பக்கம் கடற்கரையோரம் எங்கள் வீடு. கடல் வந்த காலையில் ஓடித் தப்பினோம், வீடு போய்விட்டது. தெரிந்தவர்களில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். அன்றிரவு டவுனில் ஒரு கோயிலுக்குள் சனங்களோடு சனமாகக் கிடந்தோம். வாங்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய், சாக்கு, யாரோ கொடுத்த சேலை. எனக்குக் கிடைத்த இடம் பேழைக்குக் கிட்ட, பீடத்துப் படிக்குக் கீழே. பிள்ளைகள் அழுதார்கள், ஒரு கிழவி தன் மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் மல்லாந்து படுத்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். ஒரு செபமும் வாயில் வரவில்லை. "அருள் நிறைந்த மரியே" கூடப் பாதியில் மறந்துபோனது. ஆனால் அங்கே ஒருவர் முழித்திருக்கிறார், நான் தூங்கலாம் என்று உடம்புக்கே விளங்கியது. தூங்கினேன். ஈர உடுப்போடு, ஊரே செத்துக் கிடந்த இரவில், அப்படி ஒரு நித்திரை. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பைபிளில் வருகிற சிறுவன் சாமுவேலின் கதை உங்களுக்குத் தெரியும். நாங்கள் எப்போதும் "சாமுவேல், சாமுவேல்" என்று கடவுள் கூப்பிட்ட இடத்திலிருந்துதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அதற்கு முந்திய வரியைக் கவனித்திருக்கிறீர்களா? கடவுளின் விளக்கு இன்னும் அணையவில்லை, பேழை இருந்த ஆலயத்திலேயே சாமுவேல் படுத்திருந்தான் என்று இருக்கிறது. கூப்பிடுவதற்கு முன்னால் கடவுள் அந்தப் பிள்ளையைத் தன் பக்கத்தில் தூங்க விட்டிருக்கிறார். மறைக்கல்வி படிப்பித்த காலத்தில் நானும் அந்த வரியைத் தாண்டித்தான் போனேன். இப்போது தாண்ட முடியவில்லை.

அந்தக் கோயிலில் 11 நாள் இருந்தோம். இரவும் பகலும் கதவு பூட்டவில்லை. யார் வந்தது, எந்தச் சமயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஊருக்கு ஆபத்து வந்தபோது எங்கள் கோயில்கள் இப்படித் திறந்து கிடந்தன. அது தெரிந்தவள் என்பதால்தான், ஆபத்து ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் சத்தமில்லாமல் நடக்கிற இந்த நாட்களில் அதே கதவைத் தட்டுகிறேன்.

நான் கேட்பது எது என்று அம்மாவை வைத்துத்தான் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். அம்மா இப்போது கதைப்பதில்லை. வலது கை விளங்காது. பகலெல்லாம் நான் அவருக்கு ஏதோ செய்துகொண்டே இருப்பேன்: புரட்டுவது, துடைப்பது, மருந்து கரைத்துப் பருக்குவது. கிளினிக் கொப்பி, மருந்து வாங்குகிற நாள், படுக்கைப் புண்ணுக்குப் பூச்சு, எல்லாம் என் தலைக்குள். அதெல்லாம் அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு லைற்றை அணைத்துவிட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பேன். அந்த நேரத்தில் நான் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. அவரும் ஒன்றும் சொல்வதில்லை. பெருவிரலால் என் புறங்கையை மெல்லத் தடவுவார். அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் நான் தாதியில்லை, மகள். அந்தப் பத்து நிமிடம் இல்லாத நாளில் அடுத்த நாள் வேலையில் என் கை முரடாகிவிடும். எனக்கே தெரியும்.

கடவுளோடும் எனக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டும். அவருக்கு எவ்வளவோ செய்கிறேன். பீடத்துணி தோய்க்கிறேன், அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குத் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன், மூன்று வருடம் மறைக்கல்வி படிப்பித்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க நேரம் கிடைக்கவில்லை.

இதை ஒரு முறை பங்கில் சொன்னேன். "வீட்டிலேயே செபிக்கலாம்தானே, கடவுள் எங்கும் இருக்கிறார்" என்று பதில் வந்தது. உண்மை. அடுப்படியிலும் இருக்கிறார், எனக்குச் சந்தேகமே இல்லை. கார்மேல் மடத்துத் துறவியான அவிலா தெரேசம்மாள் தன் சகோதரிகளுக்கு, ஆண்டவர் சட்டி பானைகளுக்கு நடுவிலும் நடமாடுகிறார் என்று எழுதியிருக்கிறார். 17 ஆம் நூற்றாண்டில் பரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்துக் குசினியில் வேலை செய்த சகோதரர் லோரன்ஸ், பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் கடவுளின் பிரசன்னத்தில் இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டினார். அவர் சொன்னதை நான் விடியப்புறம் மூன்றரை மணிக்கு முயன்று பார்க்கிறேன். உரலைப் பிழியும்போது, "ஆண்டவரே, நீர் இருக்கிறீர், நான் இருக்கிறேன்" என்று ஒரு பிழிவுக்கு ஒரு தரம் சொல்வேன். சில நாள் அடுப்படி முழுக்க வெளிச்சமாகிவிடும். அதுவும் நடந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். லோரன்ஸ் ஒரு மடத்துக்குள் இருந்தார். குறித்த வேளைக்குச் செபம், நடந்து போகிற தூரத்தில் சிற்றாலயம், பக்கத்தில் செபிக்கிற சகோதரர்கள். அடுப்படியில் அவருக்குக் கிடைத்தது அந்த ஊற்றிலிருந்து வந்த தண்ணீர். தெரேசம்மாளுக்கும் அப்படித்தான். எங்களுக்கு அடுப்படி மட்டும் இருக்கிறது. கடவுள் எங்கும் இருக்கிறார் என்ற உண்மையை, எங்கேயும் போய் இருக்க இடமில்லாத ஒருத்திக்குப் பதிலாகச் சொன்னால் அது மனதைத் தேற்றாது. கட்டாரில் இருக்கிற வீட்டுக்காரரும் எந்நேரமும் என் நினைப்பில்தான் இருக்கிறார். அதற்காக அவர் வீட்டுக்கு வர வேண்டாம் என்று இருக்க முடியுமா?

அன்றைக்கு அந்தப் பதிலோடு என் பெயரைத் திருவிழாச் சாப்பாட்டுக் குழுவிலும் எழுதினார்கள். நான் மறுக்கவில்லை, விருப்பத்தோடுதான் போனேன். நவநாள் ஒன்பது நாளும் வெங்காயம் உரித்தோம், கடைசி நாள் 300 பேருக்குச் சோறு. சொரூபம் வைத்த கூடு சுற்றி வரும்போது கண்ணீர் வந்தது, தூரத்தில் நின்றே கும்பிட்டேன். கொடி இறங்கி, கிடாரம் கழுவி, வீட்டுக்குப் போகிற வழியில்தான் நினைவு வந்தது: கொடியேற்றத்திலிருந்து ஒரு தரமாவது நான் கோயிலுக்குள் முழந்தாளிடவில்லை. என்னோடு சமைத்த அக்காமாரிடம் கேட்டேன். அவர்களும் இல்லை. எங்கள் கோயில் எங்களுக்கு இன்னொரு வேலைத்தலமாகிவிட்டது என்று அன்றுதான் விளங்கியது. உங்களில் ஒருவரும் அதை விரும்பிச் செய்யவில்லை என்றும் தெரியும். ஆள் குறைவு, வேலை கூட. கேட்டால் மறுக்காதவர்களைத்தான் கேட்க முடியும்.

இந்த இடத்தில், ஆண்டவர் வீட்டுக்கு வந்தபோது பரிமாறி அலைந்த மார்த்தாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிரசங்கத்தில் மார்த்தா வருகிற ஞாயிறு எங்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு இடிக்கும். வேலை வேலை என்று அலைகிறவள், ஆண்டவரின் காலடியில் இருந்து கேட்ட அவளுடைய சகோதரி மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்பதோடு முடிந்துவிடும். நான் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆண்டவர் அவளுடைய சமையலைக் குறை சொல்லவில்லை. பலவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய் என்றுதான் சொன்னார். அவளும் வேலை கூடிப் போச்சு என்று சொல்லவில்லை. "என்னைத் தனியே விட்டுவிட்டாளே" என்றாள். தனியே என்பதுதான் அவளுடைய நோவு. சகோதரன் லாசர் செத்தபோது வழியில் எதிர்கொண்டு போய், நீரே மெசியா, இறைமகன் என்று அறிக்கையிட்டதும் அதே மார்த்தாதான். பிறகு பெத்தானியாவில் விருந்து நடந்தபோதும் பரிமாறினது அவள்தான் என்று யோவான் எழுதியிருக்கிறார். அப்போது ஒருவரும் அவளைத் திருத்தவில்லை. நடுவில் அவள் ஆண்டவரோடு கதைத்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், சகோதரனைத் திரும்பப் பெற்றிருக்கிறாள். அதே கைதான், அதே வேலைதான், கலக்கம் மட்டும் இல்லை. எனக்கு அந்த மார்த்தாவாக வேண்டும். அவளுடைய வீட்டுத் திண்ணையில் ஆண்டவர் வந்து இருந்தார். எங்களுக்கு அவர் ஐந்து நிமிட நடையில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறார்.

எங்கள் தையல் கடையில் காத்தான்குடி முஸ்லிம் அக்கா ஒருவர் வேலை செய்கிறார், ராத்தா என்று கூப்பிடுவோம். லுஹர் என்கிற மத்தியானத் தொழுகை நேரம் வந்தால் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்துவிட்டு, துணிக் கட்டுகளுக்கு நடுவில் முசல்லா என்கிற தொழுகை விரிப்பை விரித்து நிற்பார். வாடிக்கையாளர் வந்தாலும் முதலாளி வந்தாலும் அந்தச் சில நிமிடம் அவருடையது, எல்லாரும் விட்டுவிடுவோம். எழும்பி வரும்போது அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். ஒரு நாள் கேட்டேன், "ராத்தா, என்ன கேப்பீங்க?" என்று. "கேக்கிறது கொஞ்சம்தான். அவனுக்கு முன்னால நிக்கிறதுதான் பெரிசு" என்றார்.

எங்கள் தெருவில் இருக்கிற மாமி கண்ணகி அம்மனைக் கும்பிடுகிறவர். தம்பிலுவில் தொடங்கிச் செட்டிபாளையம் வரைக்கும் வைகாசிச் சடங்குக் காலம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பல கோயில்களில் வருடம் முழுக்கக் கதவு மூடியிருக்கும். கதவு திறத்தலோடு சடங்கு தொடங்கும், அம்மனைக் குளிர வைக்கிற குளிர்த்தியோடு முடியும். கதவு திறக்கிற இரவுக்காக மாமி வருடம் பூராவும் காத்திருப்பார், அந்த நாட்களில் மச்சம் மாமிசம் வீட்டுக்குள் வராது. என் கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "எங்கட அம்மாள் வருசத்துக்கு ஒருக்காத்தான் கதவு திறப்பா, அது முறை. உங்கட கோயில ஒவ்வொரு நாளும் திறக்கலாம்தானே புள்ள?"

திறக்கலாம் என்றுதான் எங்கள் முறையும் சொல்கிறது. 1983 இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 937 ஆவது சட்டத்தைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். நற்கருணை வைக்கப்பட்டிருக்கிற கோயில், பாரதூரமான காரணம் இருந்தாலன்றி, ஒவ்வொரு நாளும் சில மணி நேரமாவது விசுவாசிகளுக்குத் திறந்திருக்க வேண்டும், அவர்கள் நற்கருணைக்கு முன்னால் செபிப்பதற்காக, என்று அதில் இருக்கிறது. சில மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது. நான் ஒரு மணி நேரம் கேட்கிறேன். இதை உங்களுக்கு எதிராக வைத்துப் பேசவில்லை. ஒரு அருட்சகோதரி இதை எனக்குக் காட்டியபோது அழுகை வந்துவிட்டது. எங்கள் பசியை உரோமையில் இருந்து யாரோ முதலே நினைத்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்று.

பாரதூரமான காரணம் எங்களுக்கு இருந்ததுதான். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் நடந்தது போலவே எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகள் போனார்கள். அதன் பிறகு கோயில் வாசலில் பை திறந்து காட்டினோம், ஆமி நின்றது, பூட்டுகள் கூடின. அந்தக் கிழமைகளில் ராத்தாவும் நானும் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் என் மெசினில் நூல் சிக்கியபோது அவர் எழும்பி வந்து எடுத்துவிட்டார், அதோடு சரி. அடுத்த வருடம் கொரோனா. பிறகு உண்டியல் உடைப்புப் பயம். ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணங்கள் போன பிறகும் சில பூட்டுகள் பழக்கத்தில் நின்றுவிட்டன.

அதனால் திறந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. காவல் இருக்க ஆட்கள் தருகிறோம். டவுனுக்குள் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்கிற பெண்கள் 14 பேர் எங்கள் பங்கில் மட்டும் பெயர் தந்திருக்கிறார்கள். நாளுக்கு இருவர். திறப்பை எடுக்க வேண்டும், திறக்க வேண்டும், ஒன்றரைக்குப் பூட்டிக் கையில் கொடுக்க வேண்டும். ஓட்டோ ஓடுகிற இரண்டு தம்பிமாரும் சேர்ந்திருக்கிறார்கள். மத்தியானம் அவர்களுக்கு ஓட்டம் குறைவு. வாசல் வேப்ப மரத்தடியில் நிற்போம் என்கிறார்கள். அவர்களில் ஒருவர், "நானும் உள்ளுக்க கொஞ்சம் இருக்கலாமா அக்கா?" என்று கேட்டார். பெண்களுக்கு மட்டும் உள்ள பசி இல்லை இது.

எல்லா ஊருக்கும் மத்தியானம் பொருந்தாது என்பதும் தெரியும். வாகரைப் பக்கம் கடலுக்குப் போய் வருகிறவர்களுக்குக் காலை பத்து மணி சரியாக இருக்கும். அம்பாறைப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகுதான் முதுகு நிமிரும். பாதர் மாதத்துக்கு ஒரு முறை வருகிற சிற்றாலயங்களில் நற்கருணை வைத்திருப்பதில்லை. அங்கே கதவும் சிலுவையும் போதும். நேரத்தை அந்தந்த ஊர்ச் சனத்திடம் கேட்டு வையுங்கள். வழக்கமாகக் கூட்டத்துக்கு வருகிறவர்களை விட்டுவிட்டு, வராதவர்களிடம் கேளுங்கள்.

இன்னொரு மன்றாட்டு. அந்த ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடாதீர்கள். முதல் வெள்ளி ஆராதனைக்கு நான் போகிற நாட்களில், பாட்டு, மன்றாட்டு, வாசகம், மறுபடி பாட்டு என்று இடைவிடாமல் போகும். நல்லதுதான், பலருக்கு அது தேவை. ஆனால் பேழைக்கு முன்னால் ஒலிபெருக்கி ஓய்ந்த நேரம் இரண்டு நிமிடம் வந்தாலே யாரோ ஒரு பாட்டை எடுத்துவிடுகிறார்கள், மௌனம் என்றால் ஏதோ பிழைத்துவிட்டது போல. என் அப்பா வாவியில் தோணி வலித்தவர். வலையை விட்டுவிட்டு விடியும்வரை சும்மா இருப்பார், சின்ன வயதில் இரண்டு மூன்று தரம் நானும் போயிருக்கிறேன். பாடும் மீன் ஊர் என்று எல்லாரும் சொல்கிறார்களே என்று, "அப்பா, நீங்க மீன் பாடிக் கேட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன். "கேக்கத்தான் இரிக்கன் புள்ள" என்றார். கேட்டாரா இல்லையா என்று கடைசிவரைக்கும் சொல்லவில்லை. அந்த இருப்பு அவருக்குப் போதுமாக இருந்தது. கரைக்கு வரும்போது அவர் முகம் லுஹர் தொழுது எழும்பிய ராத்தாவின் முகம்போல இருக்கும்.

அதற்கு ஒரு சங்கப் பெயரும் வைக்க வேண்டாம். வருகைப் பதிவு வேண்டாம், தலைவி செயலாளர் வேண்டாம், வந்தவர்களை வேறொரு வேலைக்குப் பிடிக்கவும் வேண்டாம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவள் நிலத்தில் இருக்கட்டும், தூணில் சாயட்டும். கைப்பிள்ளையோடு வருகிறவளின் பிள்ளை கத்தினால் கத்தட்டும். சாப்பாட்டுப் பார்சல் பக்கத்தில் இருந்தால் ஆண்டவருக்கு அது மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. யாராவது கண் அயர்ந்துவிட்டால் தயவுசெய்து எழுப்ப வேண்டாம். அனுப்பிவிட்ட வேலையை முடித்து வந்த சீடர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாமல் சனம் நெருக்கியபோது, தனிமையான இடத்துக்கு வந்து கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றுதான் ஆண்டவரே சொன்னார். அன்றைக்கு அந்த ஓய்வு அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கவும் இல்லை, கரையில் சனம் காத்துக்கொண்டு நின்றது. ஆனாலும் தோணியில் போன நேரம் கிடைத்தது. எனக்கும் அந்தளவு போதும்.

பாதர்மாரே, உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கு மூன்று கோயில், செத்த வீடு, கலியாணம், கணக்கு வழக்கு, கட்டட வேலை, அரசாங்கக் கச்சேரிக்கு அலைச்சல் என்று நீங்கள் மோட்டார் சைக்கிளில் ஓடுவதைப் பார்க்கிறோம். எப்போது நீங்கள் சும்மா அவருக்கு முன்னால் இருந்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. நீங்களும் ஒரு நாள் மத்தியானம் வந்து எங்களுக்குப் பின்னால், கடைசி வாங்கில், உடுப்பு மாற்றாமல் இருந்துவிட்டுப் போங்கள். ஒருவரும் உங்களிடம் கையெழுத்து வாங்க வரமாட்டோம்.

செப்டெம்பரில் ஆயித்தியமலைக்கு நடந்து போவோம். அங்கே மாதாவின் காலடியில் இரவு கிடந்து வருகிற நிம்மதி எனக்குத் தெரியும். ஆனால் அது வருடத்துக்கு ஒரு நாள்; அம்மாவைப் பார்க்க ஆள் கிடைத்தால்தான் அதுவும். என் வாழ்க்கை செவ்வாய்க்கிழமைகளிலும் வியாழக்கிழமைகளிலும் நடக்கிறது. ஆண்டவரோடு இருக்கிற நேரமும் அந்த நாட்களுக்குள்ளேயே வேண்டும், மெசினுக்கும் அடுப்புக்கும் நடுவில், ஐந்து நிமிட நடையில்.

மூன்று மாதம் செய்து பாருங்கள். ஒருவரும் வராவிட்டால் பூட்டிவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

வருகிற வியாழக்கிழமை 12.40 க்கு, கடன் காசைக் கட்டிவிட்டு, எங்கள் கோயில் வேப்ப மரத்தடியில் நிற்பேன். அந்த 14 பேரில் இன்னும் நாலைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். திறப்பை எங்களிடம் தரச் சொல்லி மட்டும் ஐயாவிடம் சொல்லி வையுங்கள்.

உங்கள் மந்தையில் ஒருத்தி,
மட்டக்களப்பு